தலைமதகில் ஓர் அங்குலம்: தாமிரபரணிக் கால்வாய்களின் நிகழ்வு ஆய்வு

ஆற்றிலிருந்து கால்வாய் பிரியும் வாயிலான தலைமதகில் ஷட்டரை இறக்கியாயிற்று. திருகு இதற்கு மேல் சுற்றாது. ஆனாலும் கால்வாயில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்ச் மாதம், பிசானப் பருவ நெல் அறுவடை நேரம். வயல் காயாததால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்க முடியவில்லை. மணிக்கு வாடகை கூடுதலான செயின் வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நவம்பரில் இதே கால்வாயில் புகார் வேறாக இருந்தது. மதகின் திறப்புகளான கண்கள் எல்லாம் முழுக்கத் திறந்திருக்கின்றன, தலைமதகில் தண்ணீர் தளும்புகிறது, கடைமடைக்காரர் மட்டும் "தண்ணி வரலியே அண்ணாச்சி" என்று அலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அடைத்தால் அடையாததும், திறந்தால் போய்ச் சேராததும் வெவ்வேறு கோளாறுகள் என்றுதான் பெரும்பாலும் எழுதிவைக்கிறார்கள். ஒன்றுக்கு ஷட்டர் பழுது என்றும், மற்றொன்றுக்கு கால்வாய் ஆக்கிரமிப்பு என்றும் தனித்தனியே மதிப்பீடு போடப்படுகிறது. உண்மையில் இரண்டும் பெரும்பாலும் தலைமதகின் படிக்கல்லில்தான், அதாவது ஷட்டர் வந்து அமரும் அடிக்கல்லில்தான், தொடங்குகின்றன. அங்கே சேரும் மணலும் துணியும் செடியும் அடைப்பைக் கெடுக்கின்றன. அதே மணல் உள்ளே போய் முதல் இரண்டு கிலோமீட்டரில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்த ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, சுமார் 86,000 ஏக்கர். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் கட்டி முடிக்கப்பட்டது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த ஆய்வுக்குக் கன்னடியன் கால்வாயை முன்னால் வைத்துக்கொள்ளலாம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக, குளத்துக்குக் குளம் தண்ணீர் கொடுத்தபடி பிராஞ்சேரிப் பக்கம் போய் முடியும் கால்வாய் இது. சுமார் 12,500 ஏக்கருக்கு இதுதான் ஆதாரம். வழியில் ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதுவும் அடுத்த குளத்துக்குத்தான் வரத்து. ஆகவே தலையில் குறையும் தண்ணீரால் சங்கிலி முழுவதும் குறைகிறது. கடைசிக் கண்ணியில் இருப்பவருக்கு அந்தக் குறை மொத்தமாகத் தெரிகிறது.

பசு போன வழியே கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை என்று கன்னடியன் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அந்தக் கதைக்குள் ஒரு மட்டக் கணக்கு இருப்பதாகவே தோன்றுகிறது. மேய்ந்துகொண்டு போகும் மாடு ஏற்றத்தில் ஏறாது, சரிவில் சடாரென்று இறங்கவும் செய்யாது. மண்ணின் மட்டத்தை ஒட்டியே நடக்கும். இந்தக் கால்வாயின் போக்கும் அப்படித்தான். சரிவு மிகக் குறைவாக இருப்பதால் தண்ணீரின் வேகமும் குறைவு. வேகம் குறைந்தால் தண்ணீர் சுமந்து வந்த மணலை இறக்கிவைத்துவிடும். மணல் பிரச்சினை முற்றுவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

அமைப்பு

நம் பழைய அணைக்கட்டுகள் ஆற்றை மறித்துத் தேக்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஆற்றுப் பாறைகளைத் தொட்டுத் தொட்டு, குறுக்காகவும் சாய்வாகவும் கல்லடுக்கி, நீர்மட்டத்தை ஓரிரு ஆள் உயரத்துக்குள் தூக்கிக் கரையோரக் கால்வாய்க்குத் திருப்புவதே அவற்றின் வேலை. மிச்சத் தண்ணீர் மேலே வழிந்து போய்விடும். மருதூர் அணைக்கட்டு குதிரை லாடம் போல வளைந்து சுமார் 4,000 அடி நீளம் ஓடுவது இதனால்தான். அணைக்கட்டின் ஓரத்தில், கால்வாய் பிரியும் முனையில், இரண்டு வகைக் கண்கள் இருக்கும். ஆற்றின் போக்கிலேயே நேராக இருப்பவை மணல்போக்கிகள். அவற்றின் படிக்கல் தாழ்வாக இருக்கும். கரையில், ஆற்றுப் போக்குக்குப் பக்கவாட்டாக இருப்பவை தலைமதகின் கண்கள். அவற்றின் படிக்கல் சற்று உயரமாக இருக்கும். உருண்டு வரும் கனமான மணல் தாழ்ந்த வழியே போகட்டும், மேல்மட்டத் தெளிவுத் தண்ணீர் மட்டும் பக்கவாட்டில் கால்வாய்க்குத் திரும்பட்டும் என்பதுதான் இதன் ஏற்பாடு.

ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ஷட்டர் இருக்கும். ஷட்டர் என்பது எஃகுத் தகடும் அதன் முதுகில் பற்றவைத்த ஆங்கிள் சட்டங்களும் சேர்ந்தது. அது ஏறி இறங்க இரு பக்கச் சுவரிலும் காடி எனப்படும் நீளப் பள்ளம், தூக்கி இறக்க மரை வெட்டிய நீண்ட தண்டு, மேடையில் கியர் பெட்டி, அதற்குள் தண்டைப் பிடிக்கும் வெண்கல நட். தண்டு வளையாமலிருக்கச் சுவரில் இடையிடையே வளையத் தாங்கிகள் பொருத்தியிருப்பார்கள். ஷட்டருக்கு முன்னால் இன்னொரு காடி காலியாக இருக்கும். பழுதுபார்க்கும்போது பலகை செருகுவதற்கான இடம் அது. பல மதகுகளில் இந்தக் காடியைச் சிமென்ட் பூச்சில் மூடிவிட்டார்கள். பிறகு ஷட்டரைக் கழற்ற வேண்டி வரும்போது ஆற்றுக்குள் மணல்மூட்டை அடுக்க நேர்கிறது. ஒரு நாளில் முடியும் வேலை அதனால் ஒரு வாரத்துக்கு இழுக்கிறது.

கீழே வரும் கணக்குகள் 4 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு கண்ணுக்குப் போட்டவை. உங்கள் ஊர் மதகின் அளவு வேறாக இருக்கலாம். அந்த அளவை வைத்து இதே முறையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஓர் அங்குலம்

ஷட்டருக்கும் படிக்கல்லுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி நிற்கிறது என்று கொள்வோம். படிக்கல்லுக்கு மேல் ஆற்றில் 5 அடி தண்ணீர். துளையின் பரப்பு ஒரு சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கு. 5 அடி உயரத்துத் தண்ணீர் வினாடிக்கு ஏறத்தாழ 18 அடி வேகத்தில் பீறிடும். துளையில் சுருங்கிப் போவதற்காக அதை 0.6-ஆல் பெருக்கினால் சுமார் 3.6 கன அடி கிடைக்கும். ஒரு நாளைக்கு 3,11,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் லிட்டர். 40 ஏக்கருக்கு மேல் 2 அங்குலம் தண்ணீர் கட்டப் போதுமான அளவு இது. ஒரே கண், ஒரே நாள், அதுவும் "அடைத்தாயிற்று" என்று எழுதிவைத்த நாள்.

ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கசிவால் இன்னொரு நட்டமும் உண்டு. நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் கொடுக்கும் உறைகிணறுகள் ஆற்றுக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் பாசனம் இல்லாத கால்வாயில் வடிகிறது. அந்த ஈரத்தில் கோரையும், நீரில் படரும் அமலைச்செடியும் செழிக்கின்றன. பத்தமடைப் பாய்க்கு வேண்டிய கோரை ஆற்றோரமும் கால்வாயோரமும் வளர்வது நல்லதுதான். கால்வாயின் நடுவயிற்றில் வளர்ந்தால்தான் கேடு.

இடைவெளி எதனால் வருகிறது? முதல் காரணம் மணல், கூழாங்கல். இரண்டாவது காரணம் இந்த ஆற்றுக்கே உரியது: துணி. பாபநாசத்தில் பரிகாரம் செய்பவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. நனைந்த சேலை ஒன்று காடிக்குள் புகுந்து மடிந்துவிட்டால், இறங்கி வரும் ஷட்டர் அதன் மேல் உட்கார்ந்துவிடும். கல்லாக இருந்தால் தண்டு முரண்டு பிடிப்பது கையில் தெரியும். துணி அமுங்கிக் கொடுப்பதால், முழுக்க அடைந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். மூன்றாவது காரணம் படிக்கல்லே தேய்ந்து குழிவிழுவது. மணல் கலந்த தண்ணீர் ஆண்டுக்கணக்காக ஒரு கீற்றில் பீறிட்டால் கருங்கல்லிலும் பள்ளம் விழும். ஷட்டரின் அடி ரப்பர் பட்டை கிழிவது நான்காவது. இதை மட்டுமே மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். படிக்கல் குழியாக இருக்கும்வரை புதுப் பட்டை ஒரு பருவம்கூடத் தாங்காது.

தண்டு ஏன் வளைகிறது

வெள்ள நேரத்தில் படிக்கல்லுக்கு மேல் 8 அடி தண்ணீர் நின்று, கால்வாய்ப் பக்கம் காலியாக இருந்தால், நம் ஷட்டர் மீது அழுத்தும் பாரம் 3 டன்னுக்குச் சற்று மேல். காடி வழவழப்பாக, கிரீஸோடு இருந்தால் உராய்வை வெல்ல முக்கால் டன் இழுவை போதும். துருப்பிடித்த காடியானால் ஒன்றரை டன் வேண்டும். ஷட்டரின் எடை இதில் சேரவில்லை. அதனால்தான் முதல் இரண்டு அங்குலம் தூக்குவது கடினமாக இருக்கிறது. கால்வாய்ப் பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டால் இரு பக்க மட்டத்தின் வித்தியாசம் மட்டுமே பாரமாக நிற்கும், கை இலகுவாகிவிடும்.

தூக்கும்போது தண்டு இழுபடுகிறது. இழுவையை அது நன்றாகத் தாங்கும். இறக்கும்போது, அடியில் தடை இருந்தால், அதே தண்டு அமுக்கப்படுகிறது. ஒல்லியான நீளக் கம்பியை இரு முனையிலும் அமுக்கினால் நடுவில் வில்லாக வளையும். தாங்கி வளையங்களில் ஒன்று கழன்று போனால் தாங்கலற்ற நீளம் இரு மடங்காகிறது, தாங்கும் பாரமோ நான்கில் ஒன்றாகக் குறைகிறது. கழன்ற ஒரு வளையத்தை மாட்டாமல் விடுவதும், "இன்னும் ரெண்டு சுத்து" என்று இரண்டு ஆள் சேர்ந்து கைப்பிடியில் தொங்குவதும் சேர்ந்துதான் தண்டை வளைக்கின்றன. கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டிச் சுற்றுவதை எந்த மதகிலும் அனுமதிக்கக் கூடாது. ஒருமுறை வளைந்த தண்டை நிமிர்த்தி மாட்டினாலும் மரை நேராகாது, வெண்கல நட்டை அரித்துக்கொண்டே இருக்கும். கியர் பெட்டிக்குக் கீழே மஞ்சள் நிறத் தூள் கிரீஸோடு கலந்து தெரிந்தால் நட் தேய்கிறது என்று பொருள். அந்த நட் முழுக்கத் தேய்ந்து நழுவினால் ஷட்டர் மொத்தமாக விழும்.

மணல் உள்ளே போகும் வழி

படிக்கல்லில் மணல் சேர்வது இயற்கை. அதைக் கால்வாய்க்குள் அனுப்புவது மதகை இயக்கும் முறை. மணல்போக்கியையும் தலைமதகையும் ஒரே நேரத்தில் திறந்துவைப்பதுதான் பெரிய தவறு. மணல்போக்கியைத் திறந்தவுடன் முன்தளத்தில், அதாவது கண்களுக்கு முன்னால் ஆற்றுப் பக்கம் உள்ள தளத்தில், கிடக்கும் மணல் கிளம்பி மிதக்கத் தொடங்கும். பக்கத்திலேயே தலைமதகும் வாய் திறந்திருந்தால் கிளம்பியதில் ஒரு பங்கு கால்வாய்க்குள் போகும். சரியான முறை இது: கால்வாய்க்குத் தண்ணீர் எடுக்கும்போது மணல்போக்கியை அடைத்து, முன்தளத்தைக் குளம் போல அசையாமல் வைத்திருக்க வேண்டும். மணல் அங்கேயே இறங்கும். சில நாளுக்கு ஒருமுறை தலைமதகை முழுக்க அடைத்துவிட்டு மணல்போக்கியைத் திறந்து, வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை ஓடவிட வேண்டும். பிறகு மணல்போக்கியை அடைத்து, முன்தளம் அமைதியான பின்பே தலைமதகைத் தூக்க வேண்டும். அந்தச் சில மணி நேரம் தண்ணீர் நிறுத்தப்படுவதைத் தலைமடை விவசாயிகள் எதிர்ப்பதுண்டு. பயிருக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பதை முன்கூட்டியே ஊரில் சொல்லிவிட்டால் எதிர்ப்பு அடங்கிவிடும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. தலைமதகுக்கு முன்னாலுள்ள காலிக் காடியில் அடியில் ஓர் அடி உயரத்துக்குப் பலகை செருகினால் படிக்கல் ஓர் அடி உயர்ந்தது போலாகும். மேல்தண்ணீர் மட்டும் உள்ளே போகும். ஆற்றில் மட்டம் நன்றாக இருக்கும் பிசான நாட்களில் இது பொருந்தும். கார் பருவத்தில் மட்டம் தாழும்போது பலகையை எடுத்துவிட வேண்டும்.

மூன்று கண் இருந்தால் மூன்றையும் சமமாகத் தூக்குவதே முறை. ஒரு கண் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று அதையே முழுக்கத் தூக்கி மற்றவற்றை அடைத்துவைத்தால், வேகமாகப் பாயும் தண்ணீர் மதகுக்குக் கீழ்ப்புறத் தளத்தைக் குடைகிறது. அடைத்த கண்களின் பின்னால் சுழல் உண்டாகி அங்கே மணல் குவிகிறது.

உள்ளே போன மணல் என்ன செய்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 20 அடி அகலக் கால்வாயில் ஒரு கிலோமீட்டருக்கு ஓர் அடி மணல் படிந்தால் 65,600 கன அடி, அதாவது 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் 656 யூனிட். தண்ணீர் ஆழம் 4 அடியிலிருந்து 3 அடியாகிறது. ஆழம் கால் பங்கு குறைந்தால் தண்ணீரும் கால் பங்குதான் குறையும் என்று நினைப்பது பிழை. வேகமும் சேர்ந்து குறைவதால் ஓட்டம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். அந்த இழப்பைத் தலைமடை உணராது. அங்கே படுகை உயர்ந்ததால் நீர்மட்டமும் உயர்ந்து, மடைகளுக்கு முன்னைவிட எளிதாகவே தண்ணீர் ஏறும். குறைந்த ஐந்தில் இரண்டு பங்கும் கடைமடையின் பங்கிலிருந்தே போகிறது. கடைமடையில் எத்தனை முறை தூர்வாரினாலும் தண்ணீர் வராததற்குக் காரணம் இதுதான். வார வேண்டிய இடம் தலைமதகிலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டர்.

வாரிய மண்ணை எங்கே போடுவது என்பதும் முக்கியம். கரையின் உள்சரிவில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அது திரும்பவும் கால்வாய்க்குள் இறங்கும். கரையின் வெளிப்புறத்தில், அடிவாரத்தைத் தாண்டிப் போட வேண்டும். செடி வெட்டுவதற்கு ஊரக வேலைத் திட்ட ஆட்கள் போதும். மணல் வாருவதற்கு இயந்திரம் வேண்டும். ஆனால் வாளியைப் படுகையின் பழைய மட்டத்துக்குக் கீழே இறக்க விடக் கூடாது. மதகின் படிக்கல் மட்டத்திலிருந்து நூல் பிடித்து, 100 அடிக்கு ஒரு முளை அடித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். பள்ளம் தோண்டிவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கும், அமலை அங்கேதான் முதலில் பிடிக்கும்.

பழுதுபார்ப்பு

பிசானம் முடிந்து கார் தொடங்கும் ஜூனுக்குள், ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் வேலைக்கு வாய்ப்பான காலம். கோடை மழை வந்தால் அதிலும் பாதி போய்விடும். ஆகவே ரப்பர் பட்டை, வெண்கல நட், போல்ட்டு எல்லாம் மார்ச்சிலேயே கையில் இருக்க வேண்டும். ஷட்டரைக் கழற்றிய பிறகு அளவெடுத்துச் சாமானுக்கு ஆள் அனுப்பினால் காலம் தப்பிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு கண் மட்டும். முன் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கடைசிப் பலகையை ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். பலகை இடுக்கில் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆற்றுப் பக்கத்தில் பலகையை ஒட்டி உமியோ மரத்தூளோ கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தண்ணீரே அதை இடுக்குக்கு இழுத்துக்கொண்டு போய் அடைக்கும். மிச்சத்தை ஒரு சிறு மோட்டார் இறைத்துவிடும். ஷட்டரைச் செயின் பிளாக் கொண்டு தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்ட வேண்டும். தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் மெலிந்த இடம் சத்தத்தில் தெரியும். அங்கே மேல்ஒட்டுப் போடாமல், மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதே நிற்கும். பூச்சுக்கு வெறும் ரெட் ஆக்சைடு போதாது. தண்ணீருக்குள் கிடப்பதற்குத் தார் கலந்த எபாக்ஸி இரண்டு பூச்சு வேண்டும். ஈரத் தகட்டில் அது ஒட்டாது.

படிக்கல்லின் குழியைச் சிமென்ட் பூசி நிரப்பினால் சில மாதத்தில் பெயர்ந்துவிடும். குழியைச் சதுரமாக, இரண்டு அங்குல ஆழத்துக்காவது கொத்தி, ஆங்கிள் இரும்பைப் பதித்து, சுருங்காத காரை ஊற்றி மட்டப்பலகை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டு முனைக்கும் மட்ட வித்தியாசம் ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு, மேல் இருந்தால் ரப்பர் பட்டை ஒரு பக்கம் மட்டுமே அமரும்.

பழைய கல்கட்டுச் சுவரில் வரும் கசிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். தெளிவாகக் கசிந்தால் குறித்துவைத்துக் கவனித்து வரலாம். கலங்கிக் கசிந்தால் சுவருக்குப் பின்னாலிருக்கும் மண் கரைந்து வருகிறது என்று பொருள், அன்றைக்கே கவனிக்க வேண்டியது. நண்டு வளையும் எலி வளையும்தான் பெரும்பாலும் தொடக்கம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த காரையையே இடுக்கில் அடைப்பது நல்லது. கடினமான சிமென்ட் பூச்சு பழைய காரையோடு சேர்ந்து அசையாமல் விளிம்பில் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு புது நீர்வழியாகிவிடும்.

வெள்ளமும் திறப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. அந்த அளவு வெள்ளத்தில் ஒரு தலைமதகால் ஆற்றை ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் கால்வாய்க்குள் ஆறு புகாமல் தடுக்க முடியும். அதற்கு ஷட்டர் படிக்கல்லில் முழுக்க அமர வேண்டும், அதுவும் மட்டம் ஏறுவதற்கு முன்பே. மட்டம் ஏறிய பின் இறக்கினால், மேலே கண்ட உராய்வுக் கணக்கின்படி, ஷட்டர் பாதியில் நின்றுவிடும். அப்போது செய்வதற்கு எதுவும் இருக்காது. அணைகளில் திறப்பு எச்சரிக்கை வந்தவுடன் தலைமதகை அடைத்து மணல்போக்கிகளைத் திறந்துவைப்பதே வரிசை. வெள்ளம் வடிந்த பின் செந்தண்ணீர் தெளியும்வரை தலைமதகைத் தொடாமல் இருந்தால் நூற்றுக்கணக்கான யூனிட் மணல் வெளியிலேயே நிற்கும்.

பருவத் திறப்பன்று பூத்தூவித் திறக்கும்போது எல்லாக் கண்ணையும் ஒரேயடியாகத் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரை, திடீர்த் தண்ணீரில் இளகி உடையும். முதல் நாள் கால் பங்கு, கரை நனைந்த பின் பாதி, மூன்றாம் நாள் முழுவதும் என்று ஏற்றலாம். அடைக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். ஒரே இரவில் வற்றவிட்டால் ஊறிய கரை உள்பக்கமாகச் சரியும்.

பழுதுபார்த்து முடித்த ஷட்டரைத் தண்ணீர் இல்லாதபோதே முழுக்க இறக்கி, ரப்பர் பட்டை படிக்கல்லில் சீராக அமர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தண்டில் நட்டின் மேல்விளிம்புக்கு நேராக ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும். அடுத்த முறை அடைக்கும்போது திருகு நின்ற பிறகும் அந்தக் கோடு நட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தெரிந்தால், அடியில் கல்லோ துணியோ இருக்கிறது. அதற்கு மேல் சுற்றக் கூடாது. ஷட்டரை ஒரு சாண் தூக்கி, ஐந்து நிமிடம் தண்ணீரைப் பீறிட்டு ஓடவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். துணி காடியில் சிக்கியிருந்தால் தண்ணீர் அதைத் தள்ளாது. ஷட்டரை மேலே தூக்கிவிட்டு, நீளக் கழியில் கட்டிய கொக்கியை மேடையில் நின்றபடியே காடிக்குள் விட்டு, அடியிலிருந்து மேலாக இழுத்து எடுக்க வேண்டும். கோடு நட்டின் விளிம்பைத் தொட்ட பிறகுதான் பதிவேட்டில் "அடைக்கப்பட்டது" என்று எழுத வேண்டும்.